படிவத்தில் இல்லாத கட்டம்

"எல்லாமே சரியாத்தான் இருக்கு மேடம். ஆனா எனக்குப் பயமா இருக்கு" என்றான் தீர்த்தகிரி.

சபீனா நிமிரவில்லை. அவன் கொண்டுவந்த ஆய்வேட்டின் மூன்று பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார்.

"ஆச்சு. நாலு மணிக்குள்ள ஆபீஸ்ல குடுத்துடு."

"நீங்க ஒரு பக்கம்கூடப் படிக்கல மேடம்."

"நீ படிச்சியா?"

அவன் பிரதிகளின் ஓரத்தைச் சரிசெய்தான்.

அது ஓர் அரசுக் கலைக் கல்லூரியின் பொருளியல் துறை அறை. மே மாதம். மதியம் இரண்டு மணி. மின்விசிறி சுற்றியது; காற்றுதான் வரவில்லை.

சபீனாவுக்கு முப்பத்து நான்கு வயது. கௌரவ விரிவுரையாளர். அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்பது ஒவ்வொரு மே மாதமும் அவருக்குத் தெரியாது. எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் பதினோரு பேர் அவருடைய மேற்பார்வையில் ஆய்வேடு எழுதினார்கள். பத்துப் பேர் காலையிலேயே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். துறைக்கான பிரதிகள் அவர் மேசைமேல் கறுப்பாக அடுக்கியிருந்தன.

தீர்த்தகிரி பதினோராவது.

அவன் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவன்தான். நாளைக் காலை வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார். எக்ஸ்டர்னல் என்பார்கள். அவர் ஆய்வேட்டைப் புரட்டுவார், கேள்வி கேட்பார். பதில் வராவிட்டால் இன்னும் ஓர் ஆண்டு. அதை வீட்டில் எந்த வாயால் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"என்ன பயம்?" என்றார் சபீனா.

"எக்ஸ்டர்னல் கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல மேடம்."

"உன் ஆய்வுதானே?"

"ஆமா மேடம்."

"நீ எழுதினதுதானே?"

மின்விசிறி இரண்டு முறை கிறீச்சிட்டது.

"கேட்டது நான்தான் மேடம். எழுதினது அது."

அது என்றால் அவன் கைபேசியில் இருக்கும் சாட்பாட். அந்தத் துறையில் யாரும் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. புருஷன் பெயரைச் சொல்லாத அந்தக் காலத்துப் பெண்களைப்போல, "அது" என்பார்கள். எல்லாருக்கும் புரியும்.

"காப்பி இல்ல மேடம்" என்றான் அவசரமாக. "பிளேஜியரிசம் செக் பண்ணியாச்சு. ஏழு சதவீதம்தான்."

"ஏழு சதவீதம் மத்தவங்களுது. சரி. உன்னோடது எத்தனை சதவீதம்?"

"அதைப் பார்க்க சாஃப்ட்வேர் இல்ல மேடம்."

சபீனா முதன்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே தேடிப் பார்த்திருக்கிறான்.

"உட்காரு" என்றார்.

அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

சபீனா மேசைமேல் இருந்த பத்து ஆய்வேடுகளோடு அவனுடையதையும் சேர்த்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவனுக்கு அட்டை தெரியாமல் ஒரு ஃபைலை நடுவே நிறுத்திவைத்தார்.

"ஒவ்வொண்ணுலயும் கடைசிப் பத்தியப் படிக்கிறேன். தக்காளி, பட்டுக்கூடு, புளின்னு வர்ற இடத்துல 'அந்தத் தொழில்'னு சொல்லிடுவேன். உன்னோடது வந்தா நிறுத்து."

படித்தார்.

"'இவ்வாறாக, அந்தத் தொழில் வாய்ப்புகளையும் சவால்களையும் ஒருங்கே கொண்டுள்ளது. அரசு, தொண்டு நிறுவனங்கள், சமூகம் ஆகிய மூன்றும் இணைந்த பன்முக அணுகுமுறை இன்றியமையாதது.'"

அவன் காத்திருந்தான்.

"'அந்தத் தொழிலில் ஈடுபடும் பெண்களின் வாழ்வு மேம்பட, விழிப்புணர்வு, பயிற்சி, ஆதரவு ஆகிய மூன்றும் அவசியம்.'"

காத்திருந்தான்.

"'அந்தத் தொழில் என்பது வெறும் வருமானம் மட்டுமல்ல, அது ஒரு வாழ்வியல். பன்முக அணுகுமுறையின் வழியாகவே...'"

"இதுதான் மேடம். இது என்னோடது."

சபீனா அந்த ஆய்வேட்டை மூடி, அட்டையை அவன் பக்கம் திருப்பினார்.

தக்காளிச் சந்தையில் சுமைதூக்குவோர். சிவரஞ்சனி.

"உன்னோடது முதல்ல படிச்சது" என்றார்.

தீர்த்தகிரி தன் ஆய்வேட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். பிறகு சிவரஞ்சனியுடையதைப் பார்த்தான். மறுபடியும் தன்னுடையதைப் பார்த்தான்.

"மேடம், அவளோடது நல்லா இருக்கு."

"ஆமா. கொஞ்சம் நல்லாத்தான் இருக்கு."

சபீனா தண்ணீர் குடித்தார். பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினார்.

"தெரிஞ்சும் ஏன் மேடம் கையெழுத்துப் போட்டீங்க?"

"முதல் நாலு ஆய்வேட்டை வரி வரியாப் படிச்சேன். அஞ்சாவதுல, ஏற்கெனவே படிச்சதையே எடுத்துட்டேனோன்னு அட்டையைப் பார்த்தேன். அதுக்கப்புறம் படிக்கல." கண்களைத் தேய்த்துக்கொண்டார். "முதல் பக்கத்துல ஒரு சான்றிதழ் இருக்கே, 'இம்மாணவர் சுயமாகச் செய்த ஆய்வு என உறுதியளிக்கிறேன்'னு. அதையும் நான் எழுதல. பைண்டிங் கடைக்காரரே அடிச்சு வச்சிருக்கார். பேரை மட்டும் மாத்துவார்."

"அப்போ நாளைக்கு நான் என்ன பண்றது மேடம்?"

"நான்தான் எக்ஸ்டர்னல்னு வச்சுக்கோ."

அவன் முதுகை நிமிர்த்திக்கொண்டான். சட்டையின் மேல்பொத்தானைப் போட்டான்.

அவனுடைய ஆய்வேட்டின் தலைப்பு, வீடுகளில் புளி உடைக்கும் பெண்களின் பணிச்சூழல். வியாபாரி மூட்டை மூட்டையாகப் புளியம்பழத்தைக் கொண்டுவந்து இறக்குவார். பெண்கள் ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுத்துத் திருப்பித் தருவார்கள். அப்படிப்பட்ட அறுபது பெண்களை அவன் நேரில் பார்த்துப் படிவம் நிரப்பியிருந்தான்.

சபீனா அறுபத்து நான்காம் பக்கத்தைத் திறந்தார்.

"'புளியின் அமிலத்தால் விரல்கள் புண்ணானபோதும், விழிப்புணர்வு இல்லாத காரணத்தால் பெண்கள் கையுறை அணிவதில்லை.' இது உங்க முடிவு. சரியா தம்பி?"

"சரி சார்... சரி மேடம்."

"எனக்கென்னமோ அவங்களுக்கு எல்லாம் தெரியும்னு தோணுது. தெரிஞ்சேதான் போடறதில்ல. சரியா?"

அவன் யோசித்தான்.

"அதுவும் சரிதான் மேடம்."

"ரெண்டும் எப்படிப்பா சரியாகும்?"

அவன் கை சட்டைப்பையைத் தொட்டது. உடனே கீழே இறங்கியது.

"பரவாயில்ல, எடு" என்றார் சபீனா. "அதையே கேளு. உன் கைடு இந்த முடிவு தப்புன்னு சொல்றாங்கன்னு சொல்லு."

அவன் தட்டினான். வந்ததைப் படித்தான்.

"'உங்கள் வழிகாட்டி மிக முக்கியமான ஒரு கோணத்தைச் சுட்டிக்காட்டியுள்ளார்.' மூணு காரணம் குடுத்திருக்கு மேடம்."

"இப்போ நான் மனசு மாறிட்டேன்னு சொல்லு. விழிப்புணர்வு இல்லாததுதான் காரணம்."

தட்டினான். படித்தான்.

"'உங்கள் வழிகாட்டியின் மறுபரிசீலனை மிகவும் நியாயமானது.' வேற மூணு காரணம்."

சபீனா சிரித்துவிட்டார்.

"எங்க வீட்டுக்காரர்கூட இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்க மாட்டார்."

தீர்த்தகிரி சிரிக்கவில்லை. கைபேசியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தான்.

"அது தப்பா மேடம்?"

"அதைத் திட்டாத. நான் என்ன சொன்னாலும் அது சரிங்குது. நீயும் சரிங்கற. எக்ஸ்டர்னல் வந்து யாரைக் கேள்வி கேப்பார்?"

அவன் குனிந்து தன் விரல்களைப் பார்த்தான்.

மணி இரண்டே முக்கால். வராந்தாவில் யாரோ யாரிடமோ "மச்சான், பைண்டிங் கடைய மூடிட்டான்டா!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள்.

சபீனாவுக்குக் களைப்பாக இருந்தது. நாற்காலியில் சாய்ந்தார். தேர்வாளர் குரல் போய்விட்டது. சும்மா கேட்பதைப்போலக் கேட்டார்.

"ஏம்பா, யாராவது கையுறை வாங்கிக் குடுத்தா அவங்க போட்டுக்குவாங்களா?"

"மாட்டாங்க" என்றான்.

சபீனா சாய்ந்த இடத்திலிருந்து நிமிர்ந்தார். அன்று மதியம் அவன் யோசிக்காமல் சொன்ன முதல் பதில் அது. "மேடம்" என்றுகூடச் சேர்க்கவில்லை.

"எப்படித் தெரியும்?"

"போன வருஷம் ஒரு தொண்டு நிறுவனம் பெட்டி பெட்டியாக் குடுத்துட்டுப் போச்சு. பசங்க ஊதிப் பலூன் விட்டாங்க."

"ஏன் போட்டுக்கல?"

"கொட்டை தெரியாது மேடம்."

"புரியல."

அவன் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து, நடுவில் ஏதோ இருப்பதுபோல அழுத்திக் காட்டினான்.

"சதைக்குள்ள பிஞ்சுக் கொட்டை ஒண்ணு மாட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. இப்படி அமுக்கினா விரலுக்குத் தெரியும். கையுறை போட்டா எல்லாம் ஒரே மாதிரி மெத்துனுதான் இருக்கும். கொட்டையோட போச்சுன்னா வியாபாரி மூட்டையையே திருப்பி அனுப்பிடுவார். அப்புறம் மொத்தத்தையும் முதல்லருந்து பார்க்கணும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல." தயங்கினான். "நானும் உடைச்சிருக்கேன் மேடம். லீவு நாள்ல. எங்க அம்மாவோட."

சபீனா ஆய்வேட்டைப் புரட்டினார்.

"இது இதுல எங்க இருக்கு?"

"இல்ல மேடம்."

"ஏன்?"

"ஆய்வாளர் நடுநிலையா இருக்கணும்னு அது சொல்லுச்சு."

"நடுநிலைன்னா?"

"நான் அங்க இல்லாத மாதிரி எழுதணும்."

"அதுல நீ பாஸ்" என்றார் சபீனா.

அவன் முகம் சுருங்கியது. சபீனா அதைப் பார்த்தார். ஆனால் விடவில்லை. அறுபத்தோராம் பக்கத்து அட்டவணையை விரலால் தட்டினார்.

"இதுக்கு என்ன சொல்ற? 'கையுறையின் பயன் குறித்து அறிவீர்களா?' அறுபது பேர்ல அம்பத்திரண்டு பேர் 'இல்லை'. எண்பத்தாறு புள்ளி ஆறு ஏழு சதவீதம். நீயே போய் வாங்கின பதில்."

"அந்தக் கேள்வியே தப்பு மேடம்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டதுபோல இருந்தது.

"கேள்விய யார் எழுதினது?"

"அது."

"கேட்டது?"

"நான்." அட்டவணையைத் தன் பக்கம் திருப்பினான். "நான் போய் நின்னாலே அவங்களுக்கு வேலை நிக்கும் மேடம். தெரியும்னு சொன்னா அடுத்து ஏன் போடலைன்னு கேப்பேன். அதனால 'தெரியாது சாமி, எழுதிக்கோ'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அது தெரியாதுன்னு அர்த்தம் இல்ல. போயிட்டு வான்னு அர்த்தம்."

"இது உனக்கு இப்பத்தான் தெரியுமா?"

"இல்ல மேடம். அஞ்சாவது வீட்டிலேயே தெரிஞ்சுது."

"அப்புறமும் அம்பத்தஞ்சு வீடு போயிருக்க."

"போனேன்."

"ஏன் எழுதல?"

தீர்த்தகிரி அட்டவணையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல மேடம்."

சபீனா ஆய்வேட்டை மூடினார். பிறகு மூன்று பிரதிகளையும் அடுக்கி அவன் பக்கம் தள்ளினார்.

"சரி. உண்மையச் சொல்லிடறேன். நாளைக்கு இந்தக் கேள்வி வராது. ஒருத்தருக்கு அஞ்சு நிமிஷம்தான். தலைப்பு என்ன, எத்தனை பேரைப் பார்த்த, பரிந்துரை என்னன்னு கேப்பார். அவ்வளவுதான். பத்துப் பேரும் பாஸ் ஆவாங்க. நீயும் ஆவ. பயப்படாத. போய்க் குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

அவன் எழுந்தான். பிரதிகளை மார்போடு அணைத்துக்கொண்டான். வாசல்வரை போனான்.

நின்றான்.

"மேடம், ஒரு பக்கம் மாத்தலாமா?"

"பைண்டிங் போட்டாச்சே."

"கையால எழுதி ஒட்டலாமா?"

"பைண்டிங் பண்ணின ஆய்வேட்டுல யாராவது கையால எழுதி ஒட்டுவாங்களா?"

"விதி இருக்கா மேடம், ஒட்டக் கூடாதுன்னு?"

சபீனா யோசித்தார். அப்படி ஒரு விதி அவருக்கு நினைவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, வெள்ளைத்தாள்களையும் ஒரு பசைப்புட்டியையும் எடுத்து வைத்தார்.

"மூணு பிரதி. மூணு தடவை எழுதணும்" என்றார்.

அவன் எழுதினான்.

கையெழுத்து அழகாக இல்லை. வரிகள் வலப்பக்கம் மேலே ஏறிப்போயின. முதல் தாளில் எழுதினான்: கையுறை போட்டால் விரலுக்குக் கொட்டை தெரியாது. அதனால் பெண்கள் யாரும் போடுவதில்லை.

சபீனா படித்தார். "யாரும்னா?"

"யாருமே மேடம்."

"அறுபது பேரும்?"

"அறுபது பேரும்..." என்றவன் நிறுத்தினான். பேனா நுனியைப் பார்த்தான். "இல்ல. மாதம்மான்னு ஒருத்தங்க. கையுறையோட கட்டைவிரல் பாகத்தை மட்டும் வெட்டியெடுத்து, கட்டைவிரல்ல மாட்டியிருந்தாங்க. அவங்களுக்கு நகக்கண்ணுல புண்ணு. கட்டைவிரல்ல நாரை உரிப்பாங்க, ஆட்காட்டி விரல்ல கொட்டையப் பார்ப்பாங்க. அது எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருது."

"அப்போ?"

அவன் அந்தத் தாளைக் கசக்கினான். இரண்டாவது தாளில் மாதம்மாவைச் சேர்த்தான். முழுக்கையுறை உதவாது, அவர்களே வெட்டிக்கொண்டது உதவுகிறது என்று எழுதினான். அட்டவணைக்கு வந்தான். அந்த ஐம்பத்திரண்டு பேருக்கும் கையுறையைப் பற்றித் தெரியும் என்று எழுதப் போனான்.

எழுதவில்லை.

"மேடம், அம்பத்திரண்டு பேருக்கும் தெரியும்னு என்னால சொல்ல முடியாது. ஒண்ணு ரெண்டு பேருக்கு நிஜமாவே தெரியாம இருந்திருக்கலாம்."

"எத்தனை பேருக்கு?"

"தெரியல."

"அப்படியே எழுது."

"ஆய்வேட்டுல 'எனக்குத் தெரியவில்லை'ன்னு எழுதலாமா மேடம்?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம்?"

இரண்டாவது தாளும் கசங்கியது.

மூன்றாவது தாளில் அவன் மெதுவாக எழுதினான். அடித்தான். அடித்ததற்கு மேலே எழுதினான். நடுவில் ஒருமுறை கைபேசி ஒளிர்ந்து அணைந்தது. அவன் பார்க்கவில்லை. நெற்றி வியர்வை தாளில் ஒரு சொட்டு விழுந்து ஒரு சொல்லைக் கலைத்தது. அதை மறுபடி எழுதினான்.

முடித்தபோது பத்தொன்பது வரிகள் இருந்தன. கடைசி வரியில் பன்முக அணுகுமுறை இல்லை. அடுத்த முறை போனால் என்ன கேட்பேன் என்று ஒரு கேள்வி இருந்தது.

அதைப் பார்த்து இன்னும் இரண்டு பிரதி எடுத்தான். மணி மூன்றே முக்கால்.

சபீனா பசை தடவினார். அவன் ஒட்டினான். அவசரத்தில் மூன்றாவது பிரதியில் தாள் கொஞ்சம் கோணலாகப் போனது.

"என் கையெழுத்தும் இதுல இருக்கு" என்றார் சபீனா, யாரிடமோ சொல்வதைப்போல. "இவன் கைடு யாருன்னு கேப்பாங்க."

"வேண்டாமா மேடம்? கிழிச்சிடவா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

அவன் மூன்றையும் மூடி அடுக்கினான். ஒட்டிய தாள் மற்றத் தாள்களைவிட ஒரு விரற்கடை அகலம். மூடிய பிறகும் மூன்றிலும் வெள்ளையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

சபீனா அதைப் பார்த்தார். இழுப்பறையில் தேடிக் கத்தரிக்கோலை எடுத்தார்.

"இப்படியே விட்டா அசிங்கமா இருக்கும்ப்பா. கையில எடுத்ததுமே விரல் நேரா அங்கதான் போகும். எக்ஸ்டர்னல் முதல்ல அந்தப் பக்கத்தைத்தான் திறப்பார். குடு, விளிம்ப வெட்டித் தரேன்."

தீர்த்தகிரி பிரதிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"வேணாம் மேடம்" என்றான். "திறக்கட்டும்."